விலாசம் மாற்றப் போன கால்

லூகாங்
பத்தாம் மாதம் பதினோராம் நாள், காலை

அன்பு மகள் ஹுய்-ரூவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் போ-சூ அத்தையும் உடம்பளவில் சௌக்கியம், வாயளவில் தினமும் சண்டை. அங்கே உன் உடம்பு, உன் மணிக்கட்டு, உன் மனசு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுது. மணிக்கட்டு என்றதும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். உறையின் மேல் இருந்த விலாசத்தைப் பார்த்தபோதே பாதி புரிந்திருக்கும். ஆமாம், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளை யொரிஸும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது, நீ உட்ரெக்டை விட்டு க்ரோனிங்கனுக்குப் போய் ஒற்றை அறையில் இருக்கிறாய், போன குளிர்காலத்தில் பனிக்கட்டியில் சைக்கிள் சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தனியாகவே திரும்பி வந்தாய். அத்தையைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் வாய் தவறிச் சொன்னதுதான், அதுவும் நான் முதலில் வாய் தவறியதால் வந்த வினை. தொலைபேசியில் இதைப் பேசலாம் என்றால் நீயும் நானும் அதில் கைதேர்ந்த பொய்யர்கள், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஆளுக்கு ஒரு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் காகிதம் வாங்கி வரச் சொல்லி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் ஒன்றை மறைத்தேன். எட்டாம் மாதம் இருபத்தாறாம் நாள் எனக்கு இடது கணுக்காலில் ஆபரேஷன் நடந்தது. பயப்படாதே, ஆறு வாரம் ஓடிவிட்டது. முப்பத்தொரு வருடம் லூகாங்கிலிருந்து சாங்ஹுவா ஸ்டேஷன்வரை பஸ் ஓட்டிக் கிளட்ச்சை மிதித்த கால் அது, போதாததற்குப் பெரிய புயலடித்த வருடம் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அதை முறித்துக்கொண்டேன், டாக்டரிடம் போகாமல் எலும்பு வைத்தியரின் கறுப்புப் பற்றை மூன்று மாதம் போட்டுக்கொண்டேன். உன் அம்மா அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் மூட்டு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரச ஆரம்பித்து, மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. தேய்ந்த மூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் திருகாணி போட்டு ஒன்றாக்கிவிடலாம், வலி போய்விடும், ஆனால் கணுக்கால் இனிமேல் மடங்காது என்று டாக்டர் சொன்னார். எனக்கு இனி மிதிக்கக் கிளட்ச் எங்கே இருக்கிறது, சரி என்றேன். உன்னிடம் சொன்னால் நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவருவாய், அங்கே மாப்பிள்ளை தனியாகச் சோற்றுக்குத் திண்டாடுவான் என்று பரிதாபப்பட்டுத்தான் மறைத்தேன். இதைப் படித்து நீ சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மயக்கம் கொடுத்துக் கண்ணை மூடியது தெரியும், அடுத்து எனக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் வெளிச்சம். உடம்பே இல்லாததுபோல் இருந்தது, முழங்காலுக்குப் பின்னால் ஊசி போட்டிருந்ததால் இடது கால் என்று ஒன்று இருக்கிற ஞாபகமே இல்லை. மேலே பச்சைத் தொப்பி போட்ட ஒரு முகம் குனிந்து பார்த்தது, மிகவும் சாந்தமான முகம். பக்கத்தில் எதுவோ மணி மாதிரி விட்டு விட்டு ஒலித்தது. அந்த முகம், "மாமா, கண்ணைத் தொறங்க. பேரு சொல்லுங்க, பொறந்த தேதி சொல்லுங்க" என்றது. பேரும் பிறந்த தேதியும் யார் கேட்பார்கள்? கோயிலில் நின்றுகொண்டு அதைத்தானே முதலில் சொல்கிறோம். நான் மாட்சு அம்மன் எதிரே நிற்கிறேன் என்று நினைத்துவிட்டேன், ஹுய்-ரூ. கைகளைக் கூப்பப் பார்த்தேன், ஒரு கையில் ஊசிக் குழாய் இருந்ததால் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பெயர் ஷீ ஹுய்-ரூ, பெண், பன்றி வருடம் ஏழாம் மாதம் பத்தொன்பதாம் நாள் பிறந்தவள், விலாசம் ஹாலந்து தேசம், உட்ரெக்ட் ஊர், மோலென்வெக் இருநூற்றுப் பன்னிரண்டு, இரண்டாம் மாடி, இடதுபக்கக் கதவு. "தாயே, இவ இருட்டுல சைக்கிள்ல போறா, விளக்கு போட மாட்டா, தொப்பியும் போட மாட்டா, சொன்னா கேக்கமாட்டா. நீங்கதான் பாத்துக்கணும்." முறைப்படி மூன்று தடவை சொன்னேன்.

அங்கே ரகளை ஆகிவிட்டது. என் மணிக்கட்டுப் பட்டையில் ஷீ சுன்-சாய், ஆண், அறுபத்தாறு வயது என்று இருக்கிறது, நோயாளியோ தான் ஒரு பெண், ஹாலந்துக்காரி என்கிறான். அந்த நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள், இரண்டு பேரும் போர்வையைத் தூக்கிச் சரியான ஆளுக்குச் சரியான காலில்தான் வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்தார்கள், அப்புறம் வெளியே ஒலிபெருக்கியில் ஷீ சுன்-சாய் குடும்பத்தார் உடனே வரவும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே உட்கார்ந்திருந்த அத்தை, தம்பி போய்விட்டான் என்றே நினைத்து ஒரு செருப்போடு ஓடிவந்தாளாம். வந்து நான் மூன்றாவது தடவை விலாசம் சொல்வதை முழுசாகக் கேட்டாள். "ஆளு சரிதான், பொண்ணு பேரச் சொல்றான்" என்று அவள் விளக்கியதும் அந்த நர்ஸ் போர்வையை இழுத்து என் தோள்வரை மூடிவிட்டு, "அவங்க கண்டிப்பா தொப்பி போட்டுக்குவாங்க மாமா, நீங்க தூங்குங்க" என்றாள். இது எதுவும் எனக்குத் தெரியாது, எல்லாம் அத்தை பிற்பாடு நடித்துக் காட்டியது.

நீ ஆச்சரியப்படுவாய், அப்பாவுக்கு எப்போதிருந்து கோயில் பழக்கம் என்று. உன் அம்மா சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அம்மனுக்கு ஹாலந்து பாஷை தெரியுமா என்று கேலி செய்த ஆள்தான் நான். அவள் காலமான பிறகு அந்தக் கூடையின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. உன் பேர், பிறந்த நாள், உன் வீட்டு விலாசம், அந்த விலாசத்தை நம் எழுத்தில் உச்சரிப்பு பிரித்து எழுதியிருந்தாள். எத்தனை தடவை மடித்தாளோ, மடிப்பெல்லாம் கிழியத் தயாராக இருந்தது. இத்தனை வருடம் ஒருத்தி நின்ற இடத்தில் சட்டென்று யாரும் நிற்காமல் போனால் உனக்கு அங்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. ஐந்து வருடமாக நான்தான் போகிறேன், காய் வாங்கப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு. முதல் மூன்று மாதம் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன், பிறகு மனப்பாடம் ஆகிவிட்டது. பஸ் நிறுத்தம் நாற்பத்திரண்டையும் வரிசை தவறாமல் சொல்கிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

அன்று சாயங்காலம் வார்டில் அத்தைக்கு நான் அகப்பட்டுக்கொண்டேன். காலுக்குக் கீழே மூன்று தலையணை, நெஞ்சைவிட உயரத்தில் கால், கால் விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன, மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து விரலை ஆட்டச் சொல்கிறாள், நான் ஆட்டுகிறேன், அது ஆடமாட்டேன் என்கிறது. அத்தை மடக்குக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் குரலிலேயே, "மோலென்வெக் எரநூத்திப் பன்னெண்டு, ரெண்டாம் மாடி, எடதுபக்கக் கதவு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த கட்டில்காரருக்கும் ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். அந்தச் சிரிப்பிலேயே, "ரெண்டு வருஷமா அவ இல்லாத வீட்டுக்குக் காவல் போட்டிருக்கியேடா!" என்று சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. அறுபத்தொன்பது வயதில் அத்தை பயந்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் விட்டேனா, கால்தான் கட்டிப்போட்டிருந்தது, வாய் கட்டிப்போடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.

முதலில் எனக்கு வந்தது கோபமோ அழுகையோ இல்லை, கணக்குதான் வந்தது. மாதம் இரண்டு முறை, இரண்டு வருடம், நாற்பத்தெட்டு முறை நான் அம்மனைத் தப்பான வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் பாவம் நாற்பத்தெட்டு தடவையும் அந்த மாடிப்படி ஏறி யொரிஸைக் காவல் காத்திருக்கிறாள். இந்த இரண்டு வருடத்தில் அவனுக்கு ஒரு சளிகூடப் பிடித்திருக்காது, விசாரித்துப் பார். நீயோ காவல் இல்லாமல் பனியில் சைக்கிளோடு விழுந்திருக்கிறாய். நான் எதைச் சொல்லி வேண்டிக்கொண்டேனோ அதே சைக்கிள். அத்தையிடம் கேட்டேன், "ஏன்டி அக்கா, அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?" என்று. அத்தை மீன் சூப்பு டப்பாவை மூடிக்கொண்டே, "உங்கிட்ட எப்படிடா சொல்லுவா? என்னை வருஷக் கடைசி விருந்துக்கு வெளிய உக்கார வச்ச ஆளாச்சே நீ" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோலச் சொன்னாள்.

நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு ஒன்பது வயது. அத்தை புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்த வருடம் அது, அப்போது அவளுக்கு உன்னுடைய இப்போதைய வயசுதான். கட்டிக்கொடுத்த பெண் வருடக் கடைசி மாலை பிறந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்தால் அண்ணன் தம்பி குடும்பத்துக்கு ஆகாது என்று எல்லோரும் சொன்னார்கள், வீட்டுக்குத் தலைவன் என்று நான் ஒருத்தன் வேறு இருந்தேன். தையல்கடை மாடியில் வாடகை அறையில் அவள் தனியாகச் சாப்பிட்டாள். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியை நீதான் கொண்டுபோய்க் கொடுத்தாய். திரும்பி வந்து, "அத்தை ஏம்ப்பா ஜன்னலைப் பாத்துக்கிட்டே தனியா சாப்புடறாங்க?" என்று கேட்டாய். அது அப்படித்தான், கேள்வி கேட்காதே என்றேன். நீ அப்புறம் கேட்கவே இல்லை. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அந்த அத்தைதான் இப்போது ஆஸ்பத்திரியில் என் மூத்திரப் புட்டியைக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் மரத்துப்போன கால் உயிர் பெற்றது. அந்த வலியை எழுத மாட்டேன், நீயும் பட்டவள்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. நான் கண் விழித்தபோது ஒரு நர்ஸ் போர்வை மூடினாள், ஒரு அக்கா ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். உனக்கும் கையில் தகடு வைத்துத் தைத்தார்களாமே, நீ கண் விழித்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? உன்னிடமும் பேர் கேட்டிருப்பார்கள். யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டிருப்பார்கள். என்ன சொன்னாய்? இதை மட்டும் எனக்கு எழுது, ஹுய்-ரூ. அன்றைக்கு நாம் வீடியோவில் பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஜலதோஷம் என்றாய், உன் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது, சரி இஞ்சி போட்டுக் குடி என்றேன். நானும் ஆஸ்பத்திரித் திரையை அத்தை வீட்டுப் புதுத் திரை என்று உனக்குக் காட்டினேனே, நீகூட நிறம் நன்றாக இருக்கிறது என்றாயே, அதுபோல.

ஏழாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள், ஆறு வாரம் இடது காலைத் தரையில் வைக்கவே கூடாது, வைத்தால் ஒட்டுகிற எலும்பு விட்டுக்கொள்ளும், மறுபடி வெட்ட வேண்டியிருக்கும் என்று மூன்று பேர் மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளத் தன் வீட்டைப் பூட்டிவிட்டு அத்தையும் வந்துவிட்டாள், அப்புறம் அவள் ராஜ்ஜியம்தான். வெட்டுக்காயம் ஆறக் கொடுவா மீன் சூப்பு, காலை ஒரு கிண்ணம், மாலை ஒரு கிண்ணம், அக்கம்பக்கத்தார் பார்க்க வரும்போது கொண்டுவருவதும் கொடுவா மீன் சூப்பு, ஒரே நாளில் ஏழு பாத்திரம் வந்தது. வாத்துக்கறி கூடாது, மூங்கில் குருத்து கூடாது, புண் சீழ் பிடிக்குமாம். பீடை கழிய ஒரு நாள் பன்றிக்கால் நூடுல்ஸ் செய்து, "காலுக்குக் கால், முழுசா தின்னு" என்று மேஜையில் வைத்தாள். குளிப்பது பெரிய திருவிழா, காலுக்குக் குப்பைப் பையைக் கட்டிப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து காலை வாளியின் மேல் நீட்டிக்கொண்டு குளிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் தையல் பிரித்து முழு மாவுக்கட்டு போட்டார்கள், அதற்குள் அரிக்கிற அரிப்புக்கு நூடுல்ஸ் குச்சியை விட்டுச் சொறிந்து அத்தையிடம் அடி வாங்கினேன். காலைத் தொங்கப்போட்டால் ஐந்து நிமிஷத்தில் விரல் எல்லாம் கத்தரிக்காய் நிறமாகிவிடும். இத்தனைக்கு நடுவிலும் மனசில் ஒன்றே ஒன்று அரித்தது. ஒன்பதாம் மாதம் முதல் நாளும் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது, பதினைந்தாம் நாளையும் விட்டால் இன்னும் பதினைந்து நாள் நீ காவல் இல்லாமல் இருப்பாய், அங்கேயோ பனி ஆரம்பிக்கிற காலம்.

அத்தையைப் போகச் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேன். "நான் சொன்னாலும் அம்மன் கேக்கும். ஆனா தப்பா சொன்னது நீ, நீதான் திருத்தணும், கால் சரியாகட்டும், இரு" என்றாள். இருக்க முடியவில்லை. பதினைந்தாம் நாள் காலை அவள் மீன் வாங்கப் போனதும் கக்கத்துக் கட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் புது விலாசத்தை அம்மாவின் காகிதத்திலேயே, அவள் கையெழுத்தை அடிக்காமல், அதற்குக் கீழே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நம் வீட்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரம், ஐந்து நிமிஷ நடை. எனக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. கக்கம் இரண்டும் தோல் உரிந்துவிட்டது. வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, வாசற்படி. முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே மரம் போட்டிருக்கிற வாசற்படி, மிதிக்கக்கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். ஐந்து வருடமாக மாதம் இரண்டு தடவை தாண்டுகிறேன், அது உயரம் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே புகைக்கு நடுவில் அம்மன் முகம் தெரிகிறது, நான் ஒற்றைக் காலில் வெளியே நிற்கிறேன். கட்டைகளை உள்ளே ஊன்றி எகிறிவிடலாம் என்று நினைத்தேன். கல்தரையில் யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள், ஒரு கட்டை வழுக்கியது, மொத்த உடம்பும் இடது காலில் இறங்கியது. கட்டுக்குள்ளே ஏதோ நறுக்கென்றது. அப்படியே படியோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோயில் ஆள் யாரோ அத்தைக்குப் போன் செய்துவிட்டார்கள்போல. ஸ்கூட்டரில் வந்தாள், கைப்பிடியில் மீன் பை தொங்கியது, உள்ளே மீன் துடித்துக்கொண்டிருந்தது. அவள் திட்டியதை எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொட மாட்டார். "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வண்டி கூப்புட்டாச்சு" என்றாள். விலாசம் சொல்லாமல் வரமாட்டேன் என்றேன். குழந்தை மாதிரி அழுதுவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், அத்தை எப்படியும் சொல்லிவிடுவாள். அவள் மீன் பையை என் மடியில் வைத்துவிட்டு, "இங்கேருந்தே கத்து, உள்ள அம்மன் பக்கத்துல, தூரத்துப் பேச்சைக் காத்துலயே கேக்குற காவல் தெய்வம் ஒருத்தர் நிக்கிறார்ல, அவருக்குச் சம்பளம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் காகிதத்தைப் பிரித்துக் கத்தினேன், ஷீ ஹுய்-ரூ, ஹாலந்து தேசம், க்ரோனிங்கன் ஊர், ஸ்கூன்மாகர்ஸ்ட்ராட் முப்பத்தேழு, பின்பக்க மாடி. கும்பிட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் தெருப் பேரை நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

அம்மனிடம் குறி கேட்கத் தரையில் போடுகிற பிறைக்கட்டைகள் இரண்டையும் அத்தை எடுத்துக்கொண்டாள், கேள்வியை நான் வெளியிலிருந்து சொன்னேன். தாயே, இந்த இரண்டு வருடமாக என் பேச்சைக் கேட்டுத் தப்பான வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா? கட்டைகள் இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் அம்மன் பதில் சொல்லாமல் சிரிக்கிறாள் என்று அர்த்தம். மறுபடி போட்டாள், மறுபடியும் சிரிப்பு. அத்தை எரிச்சலாகி, "கேள்வியே தப்புடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மனிடம் தானே கேட்டாள், "இவ எங்க இருக்கான்னு உங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும்தானே?" ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. ஆமாம். இன்னொரு தடவை, ஆமாம். மூன்றாவது தடவையும் ஆமாம். கட்டைகளை வைத்துவிட்டு வாசற்படியைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாத்தியா, அவங்களுக்குத் தெரியும். தெரியாம இருந்தது உனக்கு மட்டும்தான்" என்றாள். அப்படியானால் கை ஏன் முறிந்தது என்று கேட்டேன். "கழுத்து போகாம கையோட போச்சேன்னு நெனச்சுக்கோ, மீனைக் கீழ போடாத" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். திருகாணி நகரவில்லை, மேலே இருந்த மாவுக்கட்டுதான் விரிந்திருந்தது. ஆனால் டாக்டர் என்னைச் சும்மா விடவில்லை, "இன்னொரு விரல்கடை நகர்ந்திருந்தா மறுபடி வெட்டியிருக்கணும், அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?" என்று கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "பொண்ணு வீடு மாறிட்டா, விலாசம் மாத்தப் போனான்" என்றாள். "அதுக்கு ஆபீசுக்கு வேற யாரையாவது அனுப்பலாமே?" என்றார் அவர். "அந்த ஆபீஸ்ல நேர்லதான் வரணும்பாங்க டாக்டர்" என்றாள் அத்தை. அவர் என் வயசையும் காலையும் பார்த்துவிட்டுப் புதுக் கட்டுப் போடச் சொன்னார்.

அப்புறம் நான் ஒழுங்காக இருந்தேன், நம்பு. நேற்று ஆறு வாரம் முடிந்து கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கால் மாதிரியே இல்லை, மெலிந்து, தோல் உரிந்து, பக்கவாட்டில் ஒரு நீளத் தழும்போடு யாரோ கொடுத்துவிட்டுப் போன கால் மாதிரி இருந்தது. பெரிய பிளாஸ்டிக் பூட்ஸைப் போட்டு, இரண்டு கம்பிக்கு நடுவில் நிறுத்தி, மெதுவாகப் பாரத்தை இறக்குங்கள் என்றார்கள். இறக்கப் பயமாக இருந்தது. தரை நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வைத்தேன். இருந்தது. ஆறு அடி வைத்தேன், அத்தை எண்ணினாள். கணுக்கால் இனி மடங்காது, ஆனால் நடக்கும், அடுத்த வசந்தத்துக்குள் தடி இல்லாமல் நடக்கலாம் என்கிறார்கள். ஏரோப்ளேனில் பதினான்கு மணி நேரம் உட்காரலாமா என்று கேட்டேன், நடுநடுவில் எழுந்து நடந்தால் உட்காரலாம் என்றார் டாக்டர். இரண்டு விலாசம் மனப்பாடம் செய்த மனுஷன் ஒன்றையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டாமா? நீ ஒன்றும் ஏற்பாடு செய்யாதே, பின்பக்க மாடி என்றால் படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது.

இன்னொரு சேதி. இந்த வருடக் கடைசி விருந்துக்குப் போ-சூ அத்தையை நம் வீட்டு மேஜைக்கு அழைத்துவிட்டேன், நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்புறம், "முப்பது வருஷம் லேட்டு, நீயெல்லாம் பஸ் ஓட்டுனவன்னு வெளிய சொல்லாத" என்றாள், வருகிறேன் என்றும் சொன்னாள். அதே மேஜையில் உனக்கும் ஒரு நாற்காலி போடுவேன். கட்டிக்கொடுத்த பெண், திரும்பி வந்த பெண் என்ற பேச்செல்லாம் இந்த வீட்டில் முடிந்துவிட்டது. வேலையைப் போட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை, வராதே என்றும் பெருமைக்குச் சொல்லமாட்டேன், வந்தால் எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். வராவிட்டாலும் நாற்காலி இருக்கும், அத்தை அதில் தன் கைப்பையை வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கை பழைய பலம் பெற வேண்டும், உன் மனசுக்குப் பிடித்தபடி உன் வாழ்க்கை அமைய வேண்டும், அம்மாவின் ஆசியும் அத்தையின் ஆசியும் இதோடு வருகின்றன. சைக்கிளுக்கு விளக்கு போடு, தொப்பி போடு. இனி எப்போது வீடு மாறினாலும் முதலில் எனக்குச் சொல், அம்மன் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வாள், எனக்கு அந்தச் சக்தி இல்லை.

இப்படிக்கு உன் அப்பா,
ஷீ சுன்-சாய், சேவல் வருடம் இரண்டாம் மாதம் எட்டாம் நாள் பிறந்தவன், லூகாங், கோயில் பின்தெரு ஆறாம் சந்து நான்காம் வீடு. இது மாறாது. நீயும் எங்கேயாவது கண் விழித்து யாராவது விலாசம் கேட்டால், இதைச் சொல்.